தேனு பிடித்திருக்கும் கணக்கு

கலா,

பிள்ளையார் சதுர்த்திக்கு நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜுக்கே இன்னும் பதில் போடவில்லை, திட்டாதே. அம்மாவுக்கு முட்டிவலி பரவாயில்லை. வசந்தி வழக்கம்போல ஊரையே விசாரித்துக்கொண்டிருக்கிறாள், கெமிஸ்ட்ரி லேப் விஷயம் மட்டும் இன்னும் அவள் காதுக்குப் போகவில்லை, நிம்மதியாக இரு.

விஷயம் இதுதான்: என் மகள் தேனு, கணித ஒலிம்பியாட்டுக்கான முதல் கட்டத் தேர்வான ஐஓக்யூஎம்மில் தேறிவிட்டாள்! 3 மணி நேரத்தில் 30 கணக்கு, விடையை மட்டும் குறித்தால் போதும். நவம்பரில் அடுத்த கட்டமான ஆர்எம்ஓ, அங்கே நிரூபணம் எழுத வேண்டும். அதற்குப் படிக்கிறேன் என்று உட்கார்ந்தவள், 1988இல் ஆஸ்திரேலியாவில் நடந்த சர்வதேச ஒலிம்பியாட்டின் 6ஆவது கணக்கைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு மிகை முழு எண்களின் வர்க்கங்களைக் கூட்டி, அவற்றின் பெருக்கற்பலனோடு 1 சேர்த்து வரும் எண்ணால் வகு. மீதியில்லாமல் வகுபட்டால் ஈவு ஒரு முழு வர்க்கம் என்று நிரூபி. அவ்வளவுதான் கேள்வி. அந்த வருடம் வந்த உலகத்துப் பிள்ளைகளில் 11 பேர்தான் அதற்கு முழு மதிப்பெண் வாங்கினார்கள்.

சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்திலும் நோட்டுதான். 2, 8 போட்டால் ஈவு 4; 8, 30 போட்டாலும் 4; அப்புறம் ஒரு ராத்திரி ஓடி வந்து "அம்மா, 8ஐ 4ஆல் பெருக்கி 2ஐக் கழித்தால் 30, இதையே பின்னால் திருப்பினால் ஈவு மாறாமலே 30, 8, 2, கடைசியில் 0!" என்கிறாள். ஓர் எண் 0 ஆகிவிட்டால் ஈவு மற்றதன் வர்க்கம்தானே. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது, கலா. நமக்குக் கணக்கு எடுத்த வரதன் சார் இருந்திருந்தால் அந்தப் பச்சை நோட்டை எடுத்து நீட்டியிருப்பார்.

ஆனால் கோச்சிங்கில் கூப்பிட்டு, இதனால் ஜேஇஇக்கு ஒரு மார்க்கும் வராது, நேரத்தை வீணாக்காதீர்கள் என்றார்கள். இவரும் தலையாட்டிவிட்டு வந்திருக்கிறார். வீட்டில் தினமும் இதே பேச்சு. விடை தெரியாத ஒன்றோடு நாள் கணக்காக உட்கார ஒரு குழந்தைக்குப் பிடித்திருக்கிறது, அதை நாமே கெடுப்பதா? எனக்கு மனசே ஆறவில்லை.

பின்னால் போகும்போது எண் ஏன் 0க்குக் கீழே இறங்காது என்பதுதான் அவளுக்கு இன்னும் பிடிபடவில்லை. நீ இத்தனை வருடம் ப்ளஸ் டூவுக்குக் கணக்கு எடுத்தவள், ஞாயிற்றுக்கிழமை அவளைக் கூப்பிட்டுப் பேசு. விடையைச் சொல்லிவிடாதே, உன் வாய் சும்மா இருக்காது என்று எனக்குத் தெரியும். அப்புறம் இவரிடமும் ஒரு வார்த்தை பேசு, நீ சொன்னால் கேட்பார்.

உன் சுமதி