மறுபடியும் மாடல் கட்ட வரும் நண்பனுக்கு

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் மனசு லேசானது. கிட்டத்தில் பார்க்க மட்டும் கண்ணாடி போதும் என்று மருத்துவர் சொன்னதாக எழுதியிருந்தாய். அந்த வரியிலேயே அடுத்து என்ன கேட்கப் போகிறாய் என்று தெரிந்துவிட்டது. நம் காலத்துப் பசையையும் பிரஷையும் வைத்துக்கொண்டு இன்றைக்கும் ஒரு பிளாஸ்டிக் மாடல் விமானத்தைக் கட்டி முடிக்க முடியுமா என்கிறாய். தாராளமாக முடியும். ஆனால் எதற்காக அவ்வளவு கஷ்டப்பட வேண்டும் என்பதுதான் என் கேள்வி.

இங்கே எல்லோரும் நலம். ஓய்வு பெற்ற பிறகு மேசையில் உட்காரும் நேரம் கூடியிருக்கிறது, கூடவே முதுகுவலியும். இப்போது 1:48 அளவில், அதாவது அசலில் நாற்பத்தெட்டில் ஒரு பங்காக, ஒரு ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தைக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

நீ கருவிகளைப் பற்றிக் கேட்டாய். நான் பெட்டியில் பாகங்களாக வரும் கிட்டிலிருந்தே ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் பெரிய மாற்றம் அங்கேதான். இறக்கை உடலோடு சேரும் இடத்தில் விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி விழும், புட்டியை அப்பி, தேய்த்து, மறுபடி அப்பி மல்லுக்கட்டுவோமே, அது பெரும்பாலும் ஒழிந்தது. அந்தக் காலத்தில் மாடலைப் பெரிய அளவில் மரத்தில் செதுக்கி, அதன் மேல் ஒரு முனையை ஓட்டி, பாண்டோகிராஃப் மூலம் சிறிதாக்கி எஃகு அச்சில் வெட்டுவார்கள். ஓட்டுபவரின் கை நடுங்கினால் அதுவும் அச்சில் ஏறிவிடும். இன்றைக்குக் கணினியில் வரைகிறார்கள். அருங்காட்சியகத்தில் நிற்கும் அசல் விமானத்தையே லேசர் கொண்டு அளந்து வரைகிறவர்களும் உண்டு. அந்தக் கோப்பை வைத்து இயந்திரமே அச்சை வெட்டுகிறது. கோடுகள் மயிரிழையாக விழுகின்றன, பாகங்கள் சொன்ன இடத்தில் போய் உட்காருகின்றன.

இன்னொன்று, துப்பாக்கிக் குழலின் வாய். இரண்டு பாதி அச்சு மேலும் கீழும் மட்டும் திறந்தால் குழலின் நுனியில் ஓட்டை வராது. அதனால்தான் ஊசித் துளைப்பானை விரலால் உருட்டி உருட்டித் துளை போட்டோம். இப்போது பக்கவாட்டிலிருந்து உள்ளே வந்து போகும் மூன்றாவது அச்சுத் துண்டு ஒன்று இருக்கிறது. குழல் ஓட்டையோடே பெட்டியிலிருந்து வருகிறது. முதல் தடவை பார்த்தபோது எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

(பீரங்கி வண்டிகளுக்கு 1:35 என்ற அளவு எப்படி வந்தது தெரியுமா? ஜப்பானிய மாடல் நிறுவனமான டாமியா தன் பாந்தர் டாங்கியை மோட்டாரோடு ஓட வைக்க நினைத்தது. உள்ளே பேட்டரி அடங்கும் அளவுக்கு உடலை வடிவமைத்த பிறகு அளந்து பார்த்தால் ஏறக்குறைய முப்பத்தைந்தில் ஒன்று. உலகமே இன்றுவரை அந்தப் பேட்டரிக்குக் கட்டுப்பட்டு நடக்கிறது.)

சரி, கருவிகளுக்கு வருகிறேன். எனக்குக் கிடைத்தவற்றில் மிகப் பெரிய வரம் எது என்று கேட்டால், ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பி. தண்ணீர் மாதிரி ஓடும் மெல்லிய பசை. ட்யூபை அழுத்தினால் நூல் நூலாக இழுக்குமே, அந்தச் சமாச்சாரமே இதில் கிடையாது. உண்மையில் இது பசையே இல்லை, பிளாஸ்டிக்கைக் கரைக்கும் திரவம். உடலின் இரண்டு பாதிகளையும் உலர்ந்த நிலையிலேயே சேர்த்துப் பிடித்துக்கொள். மூடியில் இருக்கும் மெல்லிய பிரஷின் நுனியால் இணைப்புக் கோட்டை ஓரிடத்தில் தொடு, போதும். திரவம் நுண்துளை ஈர்ப்பால் கோடு நெடுக ஓடுவது கண்ணுக்கே தெரியும். சில நொடிகள் கழித்து லேசாக அழுத்தினால் உருகிய பிளாஸ்டிக் மயிரிழை வரம்பாக வெளியே பிதுங்கும். அதைத் துடைக்கப் போகாதே, ஒரு நாள் அப்படியே விட்டுவிடு. மறுநாள் கத்தியின் கூரால் சுரண்டினால் வரம்பும் போய்விடும், இணைப்பும் மறைந்துவிடும். புட்டிக்கு வேலையே இல்லை. விரல் மட்டும் கோட்டின் மேல் படக்கூடாது. பட்டால் திரவம் விரலுக்கு அடியில் புகுந்து உன் கைரேகையை நிரந்தரமாகப் பதித்துவிடும்.

அடுத்தது நிப்பர், பாகங்களை வெட்டியெடுக்கும் சின்ன வெட்டுக்கருவி. நகவெட்டியை வைத்துக்கொண்டு, பாகங்கள் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து பாகங்களைப் பிய்த்த காலம் போய்விட்டது. இப்போது ஒரு பக்கம் மட்டும் கூராகவும் மறுபக்கம் மழுங்கலாகவும் உள்ள நிப்பர்கள் கிடைக்கின்றன. கூர்ப்பக்கம் அறுக்கும், மழுங்கல் பக்கம் தாங்கும். பாகம் நசுங்காது, வெட்டிய இடம் வெளுக்காது. முதலில் சாதாரண நிப்பரால் சற்றுத் தள்ளி வெட்டிவிட்டு, மிச்சத்தை மட்டும் இதால் சீவ வேண்டும். கெட்டிச் சட்டத்தில் வைத்து நெரித்தால் அலகு உடைந்துவிடும், உலோகத்தின் பக்கமே இதைக் கொண்டுபோகக் கூடாது.

வண்ணத்தைக் காற்றால் தெளிக்கும் ஏர்பிரஷை நீ பயந்து ஒதுக்கியது நினைவிருக்கிறது. இன்று மேசைக்கடியில் வைக்கிற அளவில் சத்தம் குறைந்த கம்ப்ரசர்கள் வந்துவிட்டன. என்றைக்காவது வாங்கினால் இரட்டை இயக்கம் கொண்டதாக, 0.3 மில்லிமீட்டர் முனையோடு வாங்கு. விசையை அழுத்தினால் காற்று, பின்னுக்கு இழுத்தால் வண்ணம். எல்லோரும் தடுமாறுவது கையில் அல்ல, கலவையில். குப்பியிலிருந்து வரும் வண்ணம் கெட்டி. அதைப் பால் பதத்துக்கு இளக்கி, 15 முதல் 20 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில், நெருங்கி நின்று மெல்லிய படலங்களாக அடித்தால் பிழைத்தாய். கரைப்பானில் கலந்த லாக்கர் வண்ணங்கள் பிரமாதமாகப் பிடிக்கும், ஆனால் ஆவி பொல்லாதது. கரைப்பான் ஆவியைத் தடுக்கும் வடிகட்டி முகமூடியும், காற்றை வெளியே தள்ளும் விசிறிப் பெட்டியும் இல்லாமல் அடிக்காதே. இதில் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

விமானி அறைக் கண்ணாடிக்கு டேப்பை வெட்டி ஒட்டிக் கண் பூத்துப்போவோமே, அதற்கும் விடிவு வந்துவிட்டது. சன்னலுக்குச் சன்னல் அளவெடுத்து வெட்டிய மஞ்சள் காகித மறைப்புகள் விற்கிறார்கள்.

உலோக வெட்டுத் தகடுகளைப் பற்றி உனக்கு ஓரளவு தெரியும். பித்தளைத் தகட்டில் ஒளியுணர் பூச்சுப் பூசி, வடிவத்தைப் படமாக விழச் செய்து, வேண்டாத இடத்தை ரசாயனம் தின்ன விடுகிறார்கள். சீட்பெல்ட், கம்பி வலை, கப்பலின் கைப்பிடி வரிசை எல்லாம் 0.1, 0.2 மில்லிமீட்டர் தடிமனில் வரும். 1:700 கப்பலுக்கு இதற்கு மாற்றே இல்லை. ஆனால் தட்டையான தகட்டை மடித்து உருண்டையான பொருளாகக் காட்ட முயல்வது வீண் என்பது என் கட்சி. விமானி அறைக்கு இப்போது மேடு பள்ளத்தோடு அச்சிட்ட டீகால்கள், அதாவது நனைத்து ஒட்டும் படங்கள், வருகின்றன. புற ஊதா ஒளியில் இறுகும் மையை அடுக்கடுக்காக அச்சிட்டு, ஒவ்வொரு பொத்தானையும் புடைப்பாகக் கொண்டுவந்துவிடுகிறார்கள். டயலுக்கு மேல் கண்ணாடி மாதிரி ஒரு பளபளப்பும் உண்டு. தண்ணீரில் நனைத்து எடுத்து ஒட்ட வேண்டியதுதான். நான் மூன்று நாள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தீட்டுவதை விட அது அழகாக இருக்கிறது. அதை ஒப்புக்கொள்ளத்தான் கொஞ்சம் காலம் பிடித்தது.

அப்புறம் 3டி பிரிண்டர். இதைத்தான் நீ ஆவலாகக் கேட்டிருந்தாய். நம் வேலைக்கு ஆவது ரெசின் வகைதான். தொட்டியில் திரவ ரெசின், அடியில் ஒரு திரை, அதற்கும் கீழே 405 நானோமீட்டர் ஒளி. திரையில் தெரியும் வடிவத்துக்கு மட்டும் ஒளி ஊடுருவி ஒரு படலம் இறுகும். தட்டு மெல்ல மேலேறும், அடுத்த படலம் இறுகும். பொருள் தலைகீழாகத் தொங்கியபடி வளரும். படலத்தின் தடிமன் சாதாரணமாக 0.05 மில்லிமீட்டர். 1:72இல் அது அசல் விமானத்தில் 3.6 மில்லிமீட்டருக்குச் சமம். ஒரு ஆணித்தலையைக் காட்டும் நுட்பம் வந்துவிட்டது என்று அர்த்தம்.

ஆனால் அச்சு முடிந்த பிறகு வேலை தொடங்குகிறது. ஆல்கஹாலில் கழுவ வேண்டும், தாங்கு குச்சிகளை வெட்ட வேண்டும், மறுபடி ஒளியில் இறுக்க வேண்டும். இறுகாத ரெசின் தோலில் பட்டால் ஒவ்வாமை வரலாம், எனவே எப்போதும் நைட்ரைல் கையுறை. வாடை வேறு. இதெல்லாம் போகக் கணினியில் வரையவும் தெரிய வேண்டும். தலைவலி போய்த் திருகுவலி வந்த கதை. நான் அதை இரண்டாவது பொழுதுபோக்கு என்றே சொல்வேன். பிரிண்டர் வைத்திருக்கும் பலர் மாடல் கட்டுவதை நிறுத்திவிட்டுப் பிரிண்டரைப் பழுது பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். எஞ்சின், சக்கரம், இருக்கை எல்லாவற்றையும் யாரோ அச்சிட்டுத் தயாராக விற்கும்போது நமக்கு என்ன அவசரம்?

இதில் என்னை அசைத்த விஷயம் வேறொன்று. நிலவுக்குப் போன அப்பல்லோ 11இன் கொலம்பியா கலத்தை அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகம் உள்ளும் புறமும் முப்பரிமாணத்தில் படம்பிடித்து, 2016இல் எல்லோரும் இலவசமாக எடுத்துக்கொள்ளக் கொடுத்துவிட்டது. வேண்டுமானால் அச்சிட்டும் பார்க்கலாம். அந்த வேலையின்போதுதான் விண்வெளி வீரர்கள் உள்சுவரில் கையால் எழுதிய குறிப்புகளும், கட்டம் போட்டு நாள்களை அடித்து வைத்த ஒரு சின்ன நாள்காட்டியும் முழுசாக வெளியே வந்தன. மங்கலான ஒரே புகைப்படத்தை வைத்துக்கொண்டு இருக்கைக்குப் பின்னால் என்ன இருந்தது என்று நாம் சண்டை போட்டதை நினைத்துப் பார்.

இதற்கு இன்னொரு முகமும் உண்டு. எவ்வளவு வேண்டுமானாலும் ஆதாரம் கிடைக்கும் என்றானபின் மாடல் முடிவதே இல்லை. வண்ணம் எது சரி என்று தேட ஆரம்பித்தால் வாரங்கள் ஓடிவிடும். பழைய கலர் படங்கள் மங்கியவை, அசல் பூச்சும் வெயிலில் வெளுத்தது, சின்ன மாடலில் அடர்ந்த நிறம் இன்னும் இருட்டாகத் தெரியும். நான் தேடுவதற்கு ஒரு நாள் குறித்துவிடுகிறேன். அது தாண்டினால் குப்பியைத் திறந்து அடித்துவிடுவேன். தவறு என்று சொல்ல வருகிறவர் வரட்டும்.

உனக்கு என் யோசனை இதுதான். பிரிண்டர் வேண்டாம், ஏர்பிரஷ்கூட இப்போதைக்கு வேண்டாம். முதலில் நல்ல எல்.இ.டி. விளக்கு வாங்கு, நிறத்தைச் சரியாகக் காட்டும் குறியீடு 90க்கு மேல் இருக்கிறதா என்று பார். பிறகு தலையில் மாட்டும் உருப்பெருக்கி, இரண்டு மடங்கு போதும். மெல்லிய பசை, நிப்பர். அவ்வளவுதான். உன் புதுக் கண்ணுக்கு இவை செய்கிற உபகாரத்தை வேறெதுவும் செய்யாது.

பரணில் ஒரு பழைய கிட் இருப்பதாகவும் டீகால் மஞ்சளாகிவிட்டதாகவும் எழுதியிருந்தாய். தூக்கி எறியாதே. அந்த டீகால் தாளை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, வெயில் படும் சன்னல் கண்ணாடியில் ஒட்டிவை. சில வாரங்களில் மஞ்சள் பெருமளவு இறங்கிவிடும். தண்ணீரில் போடும் முன் மேலே டீகால் படலத் திரவத்தை ஒரு பூச்சு பூசிவிடு, இல்லாவிட்டால் துண்டு துண்டாக உடையும். ஓரத்தில் இருக்கும் வேண்டாத எழுத்து ஒன்றை முதலில் நனைத்துச் சோதித்துப் பார். என்ன அளவு, என்ன விமானம் என்று அடுத்த கடிதத்தில் எழுது. அதற்கு விமானி அறைக் கண்ணாடி மறைப்பு கிடைக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி