பழைய கடற்படைப் படங்களுக்குக் கப்பல் பெயர் மட்டும் போதாது

அன்புள்ள ஆசிரியருக்கு,

அப்பா, தாத்தாவின் கடற்படைக் காலப் படங்களைப் பிள்ளைகள் பகிர்வது அண்மையில் கூடியிருக்கிறது. நல்ல காரியம்தான். ஆனால் படத்தின் கீழே 'ஆர்எஸ்எஸ் இண்டிபெண்டன்ஸ்' (ஆர்எஸ்எஸ் என்பது நம் சிங்கப்பூர்க் கடற்படைக் கப்பல்களின் முன்னொட்டு) என்று மட்டும் போட்டுவிட்டு, நீளத்தையும் ஆயுதத்தையும் வேறெங்கிருந்தோ எடுத்து ஒட்டிவிடுகிறார்கள். 1970களின் படகில் 2017ஆம் ஆண்டுக் கப்பலின் ஏவுகணை ஏறிவிடுகிறது.

அந்தப் பெயரில் நம் கடற்படையில் மூன்று கப்பல்கள் உண்டு. கப்பலின் அடையாள எண்ணைக் கொண்டு சொன்னால், முதலாவது பி69. பிரிட்டனின் வோஸ்பர் தோர்னிகிராஃப்ட் வடிவமைத்த, 110 அடி நீளச் சுற்றுக்காவல் படகு. இரண்டாவது 87. இது 1990களின் இறுதியில் வந்த ஃபியர்லெஸ் வகை. 55 மீட்டர், சுமார் 500 டன். மூன்றாவது 15. கடற்படைக்கு 50 ஆண்டு நிறைந்த 2017 மே 5ஆம் தேதி பணியில் சேர்ந்த, 80 மீட்டர் நீள எல்எம்வி (கரையோரப் பணிக் கப்பல்). ஜஸ்டிஸ் (பி71, 85, 18), சாவரின்ட்டி (பி72, 84, 16), டாண்ட்லெஸ் (பி74, 99, 21) ஆகியவற்றுக்கும் இதே கதை. ஃப்ரீடம், டேரிங், யூனிட்டி, ஃபியர்லெஸ் என்ற பெயர்களில் இரண்டிரண்டு.

எண்ணைப் பார்த்தால் தெரிந்துவிடாதா? தெரியாது. 69 என்பது இன்று இண்ட்ரெப்பிட் என்ற ஃபிரிகேட்டின் (பெரிய போர்க்கப்பல்) எண். 70 ஸ்டெட்ஃபாஸ்ட், 71 டெனேஷியஸ், 72 ஸ்டால்வர்ட், 73 சுப்ரீம். இதே எண்களைத்தான் பழைய ஃப்ரீடம், ஜஸ்டிஸ், சாவரின்ட்டி, டேரிங் படகுகளும் தாங்கியிருந்தன. முன்னால் நிற்கும் 'பி' எழுத்தையும் நம்ப முடியாது. பட்டியல்களில் அது இருக்கும், விடுபட்டும் போகும். 33 மீட்டர் படகும் 114 மீட்டர் ஃபிரிகேட்டும் படத்தில் குழம்பாது. தட்டச்சு செய்த பட்டியலில் கட்டாயம் குழம்பும். பெயர், எண், ஆண்டு மூன்றையும் சேர்த்து எழுதினால்தான் கப்பல் எதுவென்று உறுதியாகும்.

எண் தெரியாத மங்கிய படமா? முன்தளத்துப் பீரங்கியைப் பாருங்கள். பி69 முதல் பி71 வரை முன்னால் 40 மி.மீ. போஃபர்ஸ். பி72 முதல் பி74 வரை அதே அளவுப் படகுதான், ஆனால் 76 மி.மீ. போஃபர்ஸ். பெரிய குண்டு, ஆனால் குழல் 30 பாகைக்கு மேல் உயராது. கடல்மட்ட இலக்குக்குத்தான் அது, விமானத்துக்கு அல்ல. ஃபியர்லெஸ் வகையிலும் 76 மி.மீ.தான். அது ஓட்டோ மெலாரா, உருண்டையான கூடு. ஃபியர்லெஸ் தண்ணீரைப் பீய்ச்சி ஓடுவது, சுழலி (புரொப்பெல்லர்) கிடையாது.

அதிகமாகத் தவறுவது சீ வுல்ஃப் வகை ஏவுகணைப் படகுகளில். ஆறு படகுகள், பி76 முதல் பி81 வரை. ஜெர்மனியின் லூர்சன் வடிவமைப்பு. முதல் இரண்டு அங்கேயும் மற்ற நான்கு சிங்கப்பூரிலும் கட்டப்பட்டன. முன்னால் 57 மி.மீ., பின்னால் 40 மி.மீ. போஃபர்ஸ். தொடக்கத்தில் ஐந்து கேப்ரியல் ஏவுகணைகள்: நிலையாகப் பொருத்திய இரண்டு ஒற்றை ஏவு உறைகள், திருப்பக்கூடிய ஒரு மூன்று உறைத் தொகுதி. கேப்ரியல் ஏறத்தாழ 20 கிலோமீட்டர்தான் எட்டும். அது போய்ச் சேரும்வரை படகின் ராடார் இலக்கைப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். பின்னாளில் வந்த ஹார்பூன் அதைப்போலப் பல மடங்கு தூரம் போகும், கடைசிக் கட்டத்தில் இலக்கைத் தானே தேடும். ஆனால் 45 மீட்டர் படகின் மேல்தளத்தில் எடையைக் கூட்டிக்கொண்டே போனால் படகு உருளும். ஆகவே ஹார்பூன் ஏற மூன்று உறைத் தொகுதி இறங்கியது. படத்தில் அந்தத் தொகுதி தெரிந்தால் அது மாற்றத்துக்கு முந்திய படம். ஐந்து கேப்ரியலையும் நான்கு ஹார்பூனையும் கூட்டி ஒன்பது என்று எழுதும் பட்டியல்களை நம்பாதீர்கள்.

தேதியிலும் கவனம் வேண்டும். வெள்ளோட்டம் வேறு, பணியில் சேர்ப்பது வேறு. சீ வுல்ஃப் 1972இல் நீரில் இறங்கியது, 1975இல் பணியில் சேர்ந்தது, 2008 மே 13 அன்று மற்ற ஐந்தோடு ஓய்வு பெற்றது. சேவைக்காலம் 33 ஆண்டு, 36 அல்ல.

ஒரு கப்பலுக்குப் பல பெயர் இருப்பதும் உண்டு. 1956இல் இங்கே தஞ்சோங் ரூவில் வெள்ளோட்டம் கண்ட பங்லிமா, எச்எம்எஸ் (பிரிட்டன்), கேடி (மலேசியா), ஆர்எஸ்எஸ் என மூன்று முன்னொட்டுகளையும் பார்த்தது. ஃபியர்லெஸ் வகையில் நான்கு புதுப்பிக்கப்பட்டு, 2021 தொடங்கி சென்டினல், கார்டியன், புரொடெக்டர், பாஸ்டியன் என்று ஓடுகின்றன. அதே வகையில் பன்னிரண்டும் கடைசிவரை இருந்ததாக எழுதுவதும் பிழை. 2003 ஜனவரி 3 அன்று பெட்ரா பிராங்கா அருகே ஒரு சரக்குக் கப்பலோடு மோதியதில் கரேஜியஸ் (96) பின்பகுதியை இழந்தது. நான்கு பெண் வீரர்கள் உயிரிழந்தார்கள். அது பணிக்குத் திரும்பவில்லை. எட்டு எல்எம்விகளில் எதற்கும் அந்தப் பெயர் இல்லை.

அடுத்த குழப்பம் விக்டரியில் வரும். 1990இல் பணியில் சேர்ந்த 62 மீட்டர் விக்டரி கொர்வெட்டின் (சிறிய போர்க்கப்பல்) எண் 88. முதல் பல்பணிப் போர்க்கப்பல் 2025 அக்டோபரில் பெனோய் கப்பல்தளத்தில் வெள்ளோட்டம் கண்டபோது அதற்கும் விக்டரி என்றே பெயரிட்டார்கள். இது 150 மீட்டர். கொர்வெட்டுகளிலும் ஆயுதம் மாறியிருக்கிறது: டார்பிடோ குழாய்கள் போயின, ஸ்கேன்ஈகிள் ஆளில்லா விமானம் வந்தது. 88 முதல் 93 வரையிலான கப்பல்களில் பணிபுரிந்தவர்கள் வீட்டில் இருந்தால், படத்தின் பின்னால் எண்ணையும் எடுத்த ஆண்டையும் இப்போதே பென்சிலால் எழுதச் சொல்லுங்கள். பேனா மை மறுபக்கம் ஊறும்.

இப்படிக்கு,
கடற்படை வரலாற்று ஆர்வலர்,
ஈசூன்