மூன்று பாட்டில் தண்ணீர்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. போனில் சொன்னால் பாதியிலேயே "சரிம்மா, மீட்டிங் இருக்கு" என்று வைத்துவிடுவாய். அதனால் லாஸ்பேட்டையில் பெரியம்மா வீட்டு மொட்டை மாடியில் உட்கார்ந்து எழுதுகிறேன். நீ இங்கே வேலைக்கு வரப்போகிறாயே, உனக்கு வாடகை வீடு தேடி நாலு நாளாகப் பாண்டியை நடந்தே அளந்ததில் கால் வீங்கிவிட்டது. பெரியம்மா வெந்நீர் வைத்துக் கொடுத்துவிட்டு, "நீ உன் பொண்ணுக்கு வீடு பாக்குறியா, மாப்பிள்ளை பாக்குறியா?" என்று கேட்கிறாள்.

முதலில், நீ படம் அனுப்பிய அந்த மஞ்சள் சுவர் வீடு. காகிதப்பூ கொட்டிக் கிடந்ததே, அதுதான். உன் ஆபீஸ் இருக்கும் செயின்ட் லூயி வீதிக்கு ஐந்து நிமிட நடை. வெளியே நின்று பார்த்தால் லட்சணமாகத்தான் இருக்கிறது. ஆனால் வாடகைக்கு விடுவது அந்த முன்பக்கத்தை இல்லை. பின்னால் தோட்டத்தை ஒட்டி, பத்துக்குப் பன்னிரண்டில் ஓர் அறை. மாதம் 17,000. உள்ளே போனதும் சுவரைத் தடவிப் பார்த்தேன். விரலில் மாவு போல வெள்ளையாக ஒட்டியது. உப்பு பூத்த சுவர். அந்தக் காலத்துச் செங்கலும் சுண்ணாம்புச் சாந்தும் மழையில் ஈரத்தைக் குடித்தாலும் வெயில் அடித்ததும் தானே விட்டுவிடும். இவர்கள் அதன்மேல் சிமெண்ட் பூசி, பளபளவென்று பெயிண்டும் அடித்து மூச்சை அடைத்துவிடுகிறார்கள். ஈரம் வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே நின்று, பூச்சு உப்பி உதிர்கிறது. பீச் ரோட்டில் மேரி கட்டடம், அதுதான் பிரெஞ்சுக்காரர் காலத்து நகராட்சிக் கட்டடம், பல வருஷம் கவனிப்பாரற்றுக் கிடந்து, 2014 நவம்பர் மழையில் அப்படியே உட்கார்ந்துவிட்டது உனக்கு ஞாபகம் இருக்கும். அதைப் பழையபடி கட்டித் திறக்க 2021 ஆகிவிட்டது. ஒயிட் டவுனில், அந்தப் பழைய பிரெஞ்சுப் பகுதியில், எந்தப் பழைய வீட்டுக்குள் போனாலும் எனக்கு அந்த நினைப்புதான் வருகிறது.

உன் ஆபீசில் நீ படிக்கப்போகும் சைவ ஓலைச்சுவடிகளை 2005-ல் யுனெஸ்கோ உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்திருக்கிறது என்று நீதான் பெருமையாகச் சொன்னாய். ஓலைக்கு ஈரம் ஆகாது என்று அத்தனை பக்குவமாக வைத்திருப்பார்கள். அதைப் படிக்கப் போகிறவள் ஈரச் சுவரோரம் பாய் விரித்துப் படுப்பதா?

சுவரைக்கூட விட்டுவிடலாம். கடைசியில் அந்த வீட்டுக்காரர் ஒன்று சொன்னார் பார். "டிசம்பர் இருபதுலேர்ந்து ஜனவரி மூணு வரைக்கும் மட்டும் ரூமைக் காலி பண்ணிக் குடுத்துடணும். நியூ இயர் சீசன்."

"அந்தப் பதினஞ்சு நாள் என் பொண்ணு எங்கே போவா?"

"லீவுக்கு ஊருக்கு வரமாட்டாங்களா?"

மாசம் முழுக்க நீ தரும் வாடகையைப் புது வருஷத்துக்கு வருகிறவர்கள் ரெண்டு மூணு ராத்திரியில் தந்துவிடுவார்கள். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆனால் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் கார் வரிசை கட்டுகிறது. வாய்க்காலுக்குக் கிழக்கே, ஒயிட் டவுன் பக்கம், ஓர் அறை இருந்தால் அதை நாள் வாடகைக்கு விடத்தான் யாருக்கும் தோன்றும்.

இரண்டாவது, ரெயின்போ நகர்ப் பக்கம் ஒரு ஃபிளாட். கீழ்த்தளம், புதுசு, டைல்ஸ் எல்லாம் போட்டு 12,000. எனக்கே பிடித்துவிட்டது. அப்புறம் ஹாலில் இருந்த பழைய பீரோவைப் பார்த்தேன். நாலு காலும் முழங்கால் உயரத்துக்கு ஒரே கோடாகத் துரு. சுவருக்குப் பெயிண்ட் அடித்தவர்கள் பீரோவை மறந்துவிட்டார்கள். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்ததே, ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டித் தீர்த்தது. அதில் இந்தப் பக்கமெல்லாம் தண்ணீரில்தான் நின்றது. "வெள்ளம் வருமா?" என்று கேட்டேன். "இந்தத் தெருவுக்கு வராதும்மா" என்றார் புரோக்கர். பீரோ வேறு சொல்கிறது. இனி எந்த வீட்டைப் பார்க்கப் போனாலும் சுவரைப் பார்க்காதே. பீரோக் கால், கதவு நிலையின் அடிப்பாகம், பிளக் பாயின்ட் எந்த உயரத்தில் இருக்கிறது, இவற்றைப் பார்.

போகிற வழியில் வைசியாள் வீதிக்கும் போனேன். தாத்தா ரோடியர் மில்லில் இருந்தபோது நாங்கள் ஐந்து குடும்பம் ஒண்டுக்குடித்தனம் இருந்த வீடு அங்கேதான். அந்த வீதியில் திண்ணை, மரத்தூண், தாழ்வாரம் எல்லாவற்றையும் பழையபடி சீர்செய்து, 2008-ல் அதற்கு யுனெஸ்கோ விருதுகூடக் கொடுத்தார்கள். எங்கள் வீடு இப்போது தங்கும் விடுதி. கிணற்றுக்குக் கண்ணாடி மூடி போட்டு, அதன்மேல் உருளியில் பூ மிதக்க விட்டிருக்கிறார்கள். பாட்டி பார்த்தால் "தண்ணி எடுக்க வழியில்லாம என்னடி அலங்காரம்" என்று கேட்டிருப்பாள். நாங்கள் ஏழு பேர் படுத்த அறைக்கு ஓர் இரவுக்கு 6,500 ரூபாயாம். தாத்தா மாதத்துக்கு 45 கொடுத்தார், அதுவும் தவணையாக. ரிசப்ஷனில் இருந்த பெண் சிரித்துக்கொண்டே, "பாண்டிக்கு ஃபர்ஸ்ட் டைமா மேடம்?" என்றாள். ஆமாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மூன்றாவது வீட்டுக்கு வருகிறேன். ஈசுவரன் தர்மராஜா கோயில் வீதியிலிருந்து ஒரு திருப்பம். கீழே திண்ணையும் முற்றமுமாகத் தமிழ் வீடு, மேலே வளைவு ஜன்னலும் பால்கனியுமாகப் பிரெஞ்சு வீடு. மாடியில்தான் உனக்கு. ஓர் அறை, ஒரு சின்ன சமையலறை, முன்னால் வராந்தா. 9,500, ஆறு மாத அட்வான்ஸ், பதினொரு மாத ஒப்பந்தம். கரண்டுக்குத் தனி மீட்டர். உன் ஆபீசுக்கு நடந்தே பார்த்தேன், என் வேகத்துக்குப் பதினெட்டு நிமிஷம்.

குறையும் சொல்கிறேன். படி செங்குத்து, இருட்டு. பாத்ரூம் வராந்தாவைத் தாண்டி வெளியே இருக்கிறது. மழைக்காலத்தில் ராத்திரி குடை பிடித்துத்தான் போகணும். மேல்தளம் தேக்குக் கட்டை போட்டு, செங்கல்லைக் குத்தவைத்து அடுக்கிய பழைய தளம். ஒரு கட்டைக்கு நேர் கீழே தரையில் மரத்தூள் சிந்தியிருந்தது. பூச்சி அரிக்கிறது. ஐப்பசி மழைக்கு முன்னால் அதை மாற்றித் தர வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். ஒப்பந்தத்தில் அதை எழுதி வாங்கு, வாயால் சொன்னதை நம்பாதே.

வீட்டம்மா கீழேயே இருக்கிறார். அவர் கணவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்து பென்ஷன் வாங்கியவர், பிள்ளைகள் பிரான்சில். வீட்டு வரி ரசீதைக் கேட்டதும் கோபப்படாமல் எடுத்துக் காட்டினார், பெயர் அவருடையதுதான். இதை ஏன் சொல்கிறேன் என்றால், முந்தின நாள் பார்த்த ஒரு வீட்டில் சாவி வைத்திருந்தவர், "பிரான்ஸ்ல இருக்கிற அண்ணன் வீடு, நான்தான் பாத்துக்கிறேன்" என்றார். பவர் பத்திரம் இருக்கிறதா என்றதும் அவருக்கு அவசர வேலை வந்துவிட்டது. வெளிநாட்டுக்காரர் வீடு நிறைய உள்ள ஊர் இது. சாவி கையில் இருப்பவரெல்லாம் சொந்தக்காரர் ஆகிவிட மாட்டார். படத்தை மட்டும் பார்த்துவிட்டு ஜிபேயில் அட்வான்ஸ் போடுகிற வேலை வேண்டவே வேண்டாம்.

அந்தம்மாவும் சும்மா விடவில்லை. "தனியாவா இருக்கப் போவுது? கல்யாணம்? யாராச்சும் வந்து போவாங்களா?" உனக்குக் கோபம் வரும் என்று தெரியும். எனக்கும் வந்தது. "சுவடி படிக்கிற பொண்ணும்மா. அவளுக்கு விருந்தாளி எல்லாம் எண்ணூறு வருஷத்துக்கு முந்தினவங்க" என்றேன். சிரித்துவிட்டார். ராத்திரி பத்து மணிக்குக் கதவைச் சாத்துவாராம்; அதற்குப் பிறகு வந்தால் முன்கூட்டியே சொல்லிவிடணும். மீன் பொரித்தால் அவருக்கும் ரெண்டு துண்டு வேணுமாம். விடியற்காலையில் திண்ணையில் உட்கார்ந்து பூக் கட்டும் கிழவியை எழுப்பக் கூடாதாம். இதில் எதுவும் எனக்குக் கஷ்டமாகத் தெரியவில்லை.

பாரதியார் குடியிருந்து, இப்போது நினைவில்லமாக இருக்கும் வீடு அந்த ஈசுவரன் தர்மராஜா கோயில் வீதியில்தான். 1908-ல் இந்த ஊருக்கு வந்து பத்து வருஷம் வாடகை வீட்டில் காலம் தள்ளியவர் அவர். விளக்கெண்ணெய்ச் செட்டியார் என்று ஒரு வீட்டுக்காரர் வாடகை கேட்க வந்து, பாட்டைக் கேட்டுவிட்டுத் திரும்பிப் போவாராம். நம்ம வீட்டம்மா அந்த ரகம் இல்லை. அஞ்சாம் தேதிக்குள் வாடகை கைக்கு வந்துவிடணும்.

இனி நீ சிரிக்கப் போகும் விஷயம். மூன்று வீட்டிலும் குழாய்த் தண்ணீரை ஒவ்வொரு பாட்டில் பிடித்து வந்தேன். கடலோரத்து ஊரில் எல்லாரும் போர் போட்டு உறிஞ்சி உறிஞ்சி, நிலத்தடியில் உப்புத் தண்ணி ஏறிவிட்டது. வாயில் வைத்துப் பார்த்தால் ஒரு நாள் தெரியும், ரெண்டாம் நாள் நாக்கு பழகிவிடும். பருப்பு பழகாது. பெரியம்மா பேரனின் கிரேயானால் ஒன்று, இரண்டு, மூன்று என்று எழுதி பாட்டிலில் ஒட்டி, அந்தந்தத் தண்ணீரை ஊற்றி மூன்று பாத்திரத்தில் ஒரே அளவு துவரம்பருப்பைப் போட்டு, குக்கர் இல்லாமல் வேகவைத்தேன். முக்கால் மணி நேரம். மஞ்சள் சுவர் வீட்டுப் பருப்பு முழித்துக்கொண்டு கிடந்தது, விரலால் நசுக்கினால் நழுவுகிறது. ஃபிளாட்டுப் பருப்பு அரைவேக்காடு. மூன்றாவது பாத்திரத்தைத் திறந்தால் மலர்ந்து கிடக்கிறது. அங்கே தொட்டியில் பிடித்து வைப்பது போர் தண்ணி இல்லை, அரசாங்கம் விடும் பைப்புத் தண்ணியாம். காலையிலும் சாயங்காலமும்தான் வரும், எழுந்து பிடித்துக்கொள்ளணும். சாப்பாட்டுக்கு அந்தப் பருப்பிலேயே சாம்பார் வைத்தோம். மற்ற ரெண்டையும் மாட்டுக்குப் போட்டுவிட்டாள் பெரியம்மா.

வாடகை இன்னும் குறையணும் என்றால் முத்தியால்பேட்டையைத் தாண்டி கோட்டக்குப்பம் இருக்கிறது. அது தமிழ்நாட்டுக் கணக்கு, கரண்டிலும் கொஞ்சம் யூனிட் இலவசம். ஆனால் ராத்திரி நீ தனியாக ஸ்கூட்டியில் அவ்வளவு தூரம் போய்வருவதை நினைத்தால் எனக்குத் தூக்கம் வராது. அது என் பயம், உன் கணக்கில் சேர்க்காதே.

நீயே வந்து பார்த்து முடிவு செய். முதல் பத்து நாளுக்கு அரவிந்தர் ஆசிரமத்து விடுதி எதிலாவது அறை போட்டுக்கொள். சுத்தமாக இருக்கும், ராத்திரி பத்தரைக்குக் கேட்டைச் சாத்திவிடுவார்கள். அங்கே சட்டென்று நிறைந்துவிடும், இப்போதே சொல்லி வை. சனிக்கிழமை ராத்திரி பதினோரு மணிக்கு ஒருதரம் அந்த மூன்றாவது வீட்டு வீதியில் நடந்து பார், சத்தம் எப்படி என்று தெரிந்துவிடும். பிடிக்கவில்லை என்றால் வேறு பார்க்கலாம், ஒன்றும் அவசரமில்லை.

அந்தம்மாவிடம் 5,000 ரூபாய் டோக்கன் கொடுத்துவிட்டேன். அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. நீயும் சொல்லாதே.

அன்புடன்,
அம்மா