பாப்பாவுக்கு, ஏற்காட்டிலிருந்து

அன்புள்ள பாப்பா,

கன்னங்குறிச்சி அத்தைக்கு உடம்பு தேறிவிட்டது. மற்ற செய்திகள் பிறகு. இரண்டு வாரமாக அம்மாவிடம் மட்டும் பேசிவிட்டுத் தொலைபேசியை வைத்துவிடுகிறாய். 32-ஆம் வாரத்து ஸ்கேனில் பையனின் விதைப்பையில் நீர் கோத்திருப்பதாகச் சொன்னார்களாம். நேற்றுத்தான் அம்மா வாய்திறந்தாள். அப்பாவிடம் சொல்லக் கூச்சப்பட்டிருப்பாய். இருந்தாலும் எனக்கு வருத்தம்தான்.

இங்கே நம் நாட்டில் 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஆணா பெண்ணா என்பதையே ஸ்கேனில் சொல்லக் கூடாது. பெண்சிசுக் கொலையைத் தடுக்க 1992-இல் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கிய சேலத்துக்காரர்களுக்கு அதன் நியாயம் விளங்கும். ஆகவே பிறக்குமுன்பே இப்படியொரு செய்தியை நம் வீட்டில் எவரும் கேட்டதில்லை. அம்மா பயந்தது அதனால்தான்.

டவுனுக்கு இறங்கிப் போய்க் குழந்தைகள் அறுவை மருத்துவரிடம் கேட்டேன். ஏழாம் மாதவாக்கில் விதை வயிற்றிலிருந்து இறங்கிவரும் வழி பிறகு தானாக மூடிக்கொள்ளும். அதற்குத் தாமதமானால் வயிற்று நீர் அங்கே இறங்கித் தங்கும். பெரும்பாலும் பிறந்த ஓராண்டுக்குள் தானே வற்றிவிடும் என்றார். என் தாத்தாவுக்கு யானைக்கால் புழுவால் வந்த ஓதம் என்ற விதை வீக்கம் வேறு, இது வேறு. மாப்பிள்ளை வீட்டில் யாரேனும் பரம்பரை என்றால் கலங்காதே. நீ தின்றதாலோ தூக்கியதாலோ வந்ததுமல்ல.

பிறந்ததும் மருத்துவரிடம் காட்டு. வீக்கம் காலையில் சிறுத்து, அழும்போது பெருத்தால் மறுபடியும் காட்டு. கெட்டியாகிச் சிவந்து வாந்தியும் வந்தால் ஒரு நிமிடமும் காத்திராதே. காட்டு, கட்டாயம் காட்டு. அந்தக் குளிரில், துணைக்குத் தாயுமில்லாமல், வேலைக்கும் போய்க்கொண்டு வயிற்றுப் பிள்ளையைச் சுமக்கிறாய். உன்னை நினைத்துப் பெருமைப்படாத நாளில்லை. அதற்காக, பெற்ற தகப்பனை ஒதுக்கிவைக்கலாமா?

ஒதுக்கியதற்குக் காரணம் என்னிடமே இருக்கலாம். உன் தம்பிக்குக் கைக்குழந்தையில் வயிற்றுவலி வந்தது என்றுதானே உனக்குச் சொல்லியிருக்கிறேன்? அது வயிற்றுவலி அல்ல. முதல் மாதமே நர்ஸ் அம்மா வீக்கத்தைக் காட்டி, டவுனுக்குக் கொண்டு போகச் சொன்னார். தாத்தாவைப் போலவே என்று ஊர் பேசுமே என வெட்கப்பட்டு, ஆமணக்கு இலையை வதக்கிக் கட்டச் சொல்லி ஏழு மாதம் ஓட்டினேன். குடல் இறங்கிச் சிக்கிக்கொண்ட அந்த இரவில், இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் அவன் அழுதுகொண்டே வந்தான்; கடைசி வளைவில் அழுகை நின்றதும் அம்மா என்னைப் பார்த்தாள். அறுவை செய்து பிழைக்க வைத்தார்கள். அவள் இன்றுவரை என்னை ஒரு சொல் கேட்டதில்லை. நானும் எவரிடமும் சொன்னதில்லை.

அடுத்த ஸ்கேன் என்றைக்கு என்று எனக்கே எழுது.

அப்பா