அந்த 72 மணி நேரத்தையும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பொள்ளாச்சி பாலியல் வன்கொடுமை வழக்கில் 2025 மே மாதம் ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை என்று தீர்ப்பு வந்தபோது பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதின, நானும் ஒரு வரி விடாமல் படித்தேன். ஆனால் இப்படி ஒன்று நடந்துவிட்டால் அந்தப் பெண்ணை முதலில் எங்கே கூட்டிக்கொண்டு போவது என்று யாரும் எழுதியதாக என் கண்ணில் படவில்லை.

நான் அரசு மருத்துவமனையில் முப்பது வருஷம் நர்ஸாக இருந்தவள். நாய் கடித்தால் உடனே ஊசி போடணும் என்று எங்கள் தெருவில் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். பாலியல் வன்கொடுமைக்கும் அப்படி ஒரு கெடு இருப்பது எத்தனை பேருக்குத் தெரியும்? எச்ஐவி தொற்றாமல் தடுக்கும் மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், அதிலும் முதல் நாளே என்றால் ரொம்ப நல்லது, அப்புறம் 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். கரு தங்காமல் இருக்கிற மாத்திரையை ஐந்து நாள் வரை கொடுக்கலாம், ஆனால் தள்ளிப்போடப் போட பலன் குறையும். மஞ்சள் காமாலை பி தடுப்பூசி, காயம் இருந்தால் ரணஜன்னி வராமல் தடுக்கும் டிடி ஊசி. அவ்வளவுதான், பெரிய வைத்தியமே இல்லை.

ஆனால் வீட்டில் என்ன நடக்கும்? அம்மா முதலில் பிள்ளையைக் குளிப்பாட்டிவிடுவாள். துணியைக் கொளுத்திவிடுவார்கள், தடயம் போய்விடும். மாமா, சித்தப்பா எல்லாம் கூடிப் பேசி முடிப்பதற்குள் மூன்று நாள் ஓடிவிடும். ஒரு பெண்ணை ஆறாம் நாள் 'வயிற்று வலி' என்று சீட்டு போட்டுக் கூட்டிவந்தார்கள். அன்று டூட்டியில் இருந்த டாக்டர் முதலில் கேட்டது, போலீஸ் பேப்பர் எங்கே என்றுதான். எஃப்ஐஆர் இல்லாவிட்டாலும் உடனே, இலவசமாகச் சிகிச்சை தர வேண்டும், தனியார் மருத்துவமனையும்தான், மறுத்தால் ஓராண்டு வரை சிறை என்று 2013-லேயே சட்டம் வந்துவிட்டது. போலீசுக்குச் சொல்வது மருத்துவமனையின் வேலை. பிறப்புறுப்பில் விரல் விட்டு, முன்பே உறவு பழக்கம் உண்டா என்று பார்க்கும் இரு விரல் பரிசோதனை கூடாது என்று 2022-இல் சென்னை உயர் நீதிமன்றமும் உச்ச நீதிமன்றமும் ஒரே வருஷத்தில் சொல்ல வேண்டியிருந்தது என்றால், எங்கள் ஆட்களும் எப்படி இருந்தோம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

உலக சுகாதார சபை 1996-லேயே வன்முறையைப் பொது சுகாதாரப் பிரச்சினை என்று தீர்மானம் போட்டது. எனக்கு அது தீர்மானத்தைப் படித்துப் புரியவில்லை, பிரசவ வார்டில் புரிந்தது. ஒரு ஊரில் ஒரு பிள்ளைக்கு இப்படி நடந்ததும் அந்த ஊர் பெண் பிள்ளைகள் வரிசையாக எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு நின்றார்கள். பதினாறு வயதில் கல்யாணம். அடுத்த வருஷமே ரத்தசோகையோடு என் வார்டில் வந்து படுத்தார்கள். அவர்களை யாரும் தொடவில்லை, எந்தக் கேஸிலும் அவர்கள் பெயர் கிடையாது.

எங்கள் மாவட்டத்து வாச்சாத்தி கிராமத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். சோதனைக்கு வந்த அரசு ஆட்களால் 18 பெண்களுக்குப் பாலியல் கொடுமை நடந்தது 1992 ஜூனில். தருமபுரி கோர்ட் தண்டித்தது 2011-இல், உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது 2023-இல். 31 வருஷம் வழக்கு எங்கே நிற்கிறது என்று எழுதினோமே தவிர, அந்தப் பெண்கள் ராத்திரி தூங்கினார்களா என்று எத்தனை பேர் கேட்டோம்?

பொள்ளாச்சியில் புகார் கொடுத்த பெண்ணின் பெயரைப் போலீஸே வெளியில் விட்டது. அதைப் பார்த்தபின் எந்த வீட்டில் 72 மணி நேரத்துக்குள் வெளியே கிளம்புவார்கள், சொல்லுங்கள்.

நான் கேட்பது ஒன்றுதான். இந்த மாதிரிச் செய்தி போடும் ஒவ்வொரு முறையும் கீழே ஒரு சின்னப் பெட்டி போடுங்கள். உடனே பக்கத்து அரசு மருத்துவமனைக்குப் போங்கள், குளித்திருந்தாலும் போங்கள், எஃப்ஐஆர் தேவையில்லை, உதவி எண் பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098. சினிமா விளம்பரத்தில் கால்வாசி இடம்கூட ஆகாது.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற செவிலியர்,
தருமபுரி மாவட்டம்