மேல்மாடிப் பெரியவருக்கும் மற்ற அனைவருக்கும்

அன்புடையீர்,

என் மனைவி மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிவிட்டார். நடந்தவை உங்களுக்குத் தெரியும் என்பதால் மீண்டும் விவரிக்கவில்லை. இரத்தம் கொடுத்தவர்கள், பிள்ளையைப் பள்ளியிலிருந்து அழைத்து வந்தவர்கள், மருத்துவர்கள் எபிரேயத்தில் சொன்னவற்றைப் பொறுமையாக விளக்கியவர்கள், ஊரிலிருந்து நேரம் பாராமல் பேசித் தேற்றியவர்கள் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

மேல்மாடிப் பெரியவரைப் பற்றி மட்டும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். எருசலேமில் யூதர்களின் ஓய்வுநாளுக்காக வெள்ளிக்கிழமை பிற்பகல் நின்றுபோகும் பெரும்பாலான பேருந்துகள் சனிக்கிழமை இருட்டிய பிறகே மீண்டும் ஓடும். அவை நிற்பதற்கு முன் மருத்துவமனைக்கு வந்த அவர், நலம் விசாரிக்காமல், ஒரு பிளாஸ்க்கை என்னிடம் நீட்டி, "ஆறுவதற்குள் கொடுங்கள்" என்றார். உள்ளே சீரகத் தண்ணீர். வயிறு சரியில்லாதபோது என் மனைவிக்கு அதுதான் இறங்கும் என்று எப்போதோ படிக்கட்டில் பேச்சுவாக்கில் சொல்லியிருந்தோம். சீரகம் சற்றுக் கருகியிருந்தது; ஆனாலும் எதையும் தொடாமல் கிடந்தவர் அன்று ஒரு டம்ளர் முழுவதும் குடித்தார்.

மாலை வேளைகளில் எங்களுக்குத் தானியா என்ற யூத ஆன்மிக நூலைப் பாடம் சொல்பவரும் அவரே. லியாதி ஊர் ரபி (யூத மத ஆசான்) ஷ்னேயூர் ஸல்மான் 1796-இல் வெளியிட்ட அந்நூலின் மூன்றாம் அதிகாரத்தின்படி, மனத்தில் முதலில் பளிச்சிடுவது ஹோக்மா. அதை விரித்து ஆராய்ந்து விளங்கிக்கொள்வது பினா. விளங்கியதோடு மனத்தை இறுகப் பிணைத்து, அதைவிட்டு அகலாமல் நிற்பது தாஅத், அதாவது அறிதல். இந்தப் பிணைப்பு இல்லையென்றால், எவ்வளவு கற்றுத் தேர்ந்தவனிடத்திலும் உண்மையான அன்பும் பயபக்தியும் பிறவாமல் வீண் கற்பனைகளே பிறக்கும் என்கிறது அந்நூல். எகிப்தில் அடிமைப்பட்டு முறையிட்ட இஸ்ரவேலரைக் கடவுள் அறிந்தார் என்று யாத்திராகமம் சொல்லுமிடத்தில், அவர்கள்மீது மனத்தை வைத்தார், கண்களை மறைத்துக்கொள்ளவில்லை என்று இடைக்கால யூத உரையாசிரியர் ராஷி எழுதியதும் இதே பொருளில்தான் என்பது என் எண்ணம். என் மனைவி நோயுற்றிருந்தது பலருக்கும் தெரியும். அவர் எதைக் குடிப்பார் என்பதை மனத்தில் இருத்தியிருந்தவர் இவர் ஒருவரே.

நன்றி சொன்னபோது அவர் யூதர்களின் பழைய மரபுநூலான தல்மூதிலுள்ள ஒரு கதைக்குப் போய்விட்டார் (அது அவர் வழக்கம்). நோயுற்றுக் கிடந்தும் யாரும் எட்டிப்பாராத சீடனை ரபி அக்கிவா காணச் சென்றார்; அதனால் அந்த அறையைப் பெருக்கித் தண்ணீர் தெளித்தார்கள்; சீடன் பிழைத்துக்கொண்டான். "அவனைப் பிழைக்கவைத்தது பெரிய உபதேசம் எதுவும் அல்ல" என்றார் பெரியவர்.

நோயுற்றவரைப் பார்க்கப் போகுமுன், அவர் என்ன சாப்பிடுவார், இரவில் துணைக்கு யார் என்பதை விசாரித்துக்கொண்டே போவேன் என்று என் மனைவியிடம் வாக்குக் கொடுத்திருக்கிறேன். பெரியவருக்கு அடுத்த மாதம் கண் அறுவை சிகிச்சை; அன்று உடன் செல்பவன் நான்தான் என்று அவர் மகளிடம் சொல்லியாயிற்று.