ஸ்டெப்னியை முதலில் வெளியே எடு, தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

வாட்ஸ்அப்பில் நீ வாங்கிய காரின் போட்டோ பார்த்தேன். செகண்ட் ஹேண்ட் என்று சொன்னால்தான் தெரியும், சீட் கவரும் மியூசிக் சிஸ்டமும் பிரமாதம். டிக்கியில் ஸ்டெப்னி இருக்கிறதா என்று கேட்டதற்கு மட்டும் இதுவரை பதில் இல்லை. அதனால்தான் ஊரறிய எழுதுகிறேன், இனி நாலு பேர் சேர்ந்து நச்சரிக்கட்டும்.

கடலூர் சிப்காட்டில் இரவு ஷிப்ட் முடிந்து நீ அரியாங்குப்பம் திரும்பும் நேரத்தில் ரெட்டிச்சாவடியிலும் கிருமாம்பாக்கத்திலும் பஞ்சர் கடை சாத்தியிருக்கும். ஆன்லைனில் எமர்ஜென்சி கிட் வாங்கிவிட்டேன் என்று நீ சொல்வாய், தெரியும். அந்தப் பை அப்படியே பிரிக்காமல் கிடக்கும். வீட்டு வாசலில் பகலில் ஒருமுறை நீயே டயரைக் கழற்றி மாட்டிப் பார், பிறகு எதை வேண்டுமானாலும் வாங்கு.

கழற்றும்போதுதான் வண்டவாளம் தெரியும். டயர் கடையில் ஏர் கன்னால் முறுக்கிய நட், அதோடு நம் ஊர் உப்புக் காற்று வேறு, வண்டியோடு வந்த குட்டி ஸ்பேனருக்கு அசையவே அசையாது. ஸ்பேனர் பிடியில் சொருகுகிற மாதிரி இரண்டடி இரும்புக் குழாய் ஒன்று டிக்கியில் போட்டு வை. சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளைக் கொஞ்சம் தளர்த்திவிட்டு, அப்புறம்தான் ஜாக்கி போட வேண்டும், தூக்கிவிட்டால் சக்கரம் கூடவே சுற்றும். உன்னுடையது அலாய் வீல், அதில் ஒரு நட் மட்டும் வேறு தினுசாக இருந்தால் அது லாக் நட், சக்கரத்தை யாரும் திருடாமலிருக்கப் போடுவது. அதற்கென்று ஒரு சாவி உண்டு, விற்றவரிடம் இன்றே கேட்டு வாங்கு.

மரக்காணம் பக்கம் ஈசிஆரில் ஓரம் ஒதுக்கினால் பல இடத்தில் மணல்தான், ஜாக்கி உள்ளே புதையும். அடியில் வைக்க ஒரு தடித்த பலகைத் துண்டு போதும், காசு கொடுத்து வாங்கவும் வேண்டாம். ஸ்டெப்னியில் மாதம் ஒருமுறை காற்று பார். டயர் பக்கவாட்டில் டிஓடி என்ற எழுத்துகளோடு வரும் கடைசி நாலு எண்ணையும் பார், 2316 என்றிருந்தால் 2016ஆம் ஆண்டின் 23வது வாரம் செய்தது. அவ்வளவு பழசை நம்பிச் சென்னைக்குக் கிளம்பாதே.

தலையில் மாட்டும் டார்ச், எச்சரிக்கை முக்கோணம், சார்ஜ் இறங்கினால் இன்னொரு வண்டியின் பேட்டரியோடு இணைத்து ஸ்டார்ட் செய்கிற ஜம்பர் கேபிள், மூன்றும் இருக்கட்டும். முக்கோணத்தை வண்டிக்குப் பக்கத்திலேயே வைத்து என்ன பயன், ஐம்பது மீட்டராவது பின்னால் போய் வை. கேபிளில் கடைசியாக மாட்டும் கறுப்புக் கம்பியின் முனையைச் சார்ஜ் இறங்கிய பேட்டரியில் மாட்டாதே, இன்ஜினில் பெயின்ட் இல்லாத இரும்பில் பிடி. தேசிய நெடுஞ்சாலையில் மாட்டிக்கொண்டால் 1033 என்ற உதவி எண்ணைக் கூப்பிடு.

மழையைப் பற்றி ஒன்றே ஒன்று. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்தபோது புதுச்சேரித் தெருக்களில் எத்தனை கார் மூழ்கிக் கிடந்தது, நீயே பார்த்தாய். தண்ணீரில் நின்றுபோன வண்டியைத் திரும்ப ஸ்டார்ட் செய்யாதே, இன்ஜினுக்குள் தண்ணீர் போயிருந்தால் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராட் வளைந்துவிடும். தள்ளி ஓரம் கட்டிவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடு.

ஞாயிற்றுக்கிழமை மஞ்சக்குப்பம் வா. வஞ்சிரம் வாங்கி வைக்கிறேன், ஆனால் ஒரு சக்கரத்தை நீயே கழற்றி மாட்டிய பிறகுதான் இலை போடுவேன்.

அக்கா